எவ்வளவு வாங்கிப் போடணும்? ஒரு கருப்பட்டிக் கடையின் கிராஃப்

இந்த எபிசோட்ல ஒரே ஒரு கேள்விதான். ஒரு கடைக்காரர் ஒரு தடவைக்கு எவ்வளவு சரக்கு வாங்கிப் போடணும்?

சின்னக் கேள்வி மாதிரி தெரியும். ஆனா பத்து நிமிஷ டெலிவரி ஆப் கம்பெனியோட கிடங்குல இருந்து தெருமுனை பலசரக்குக் கடை வரைக்கும் எல்லாரும் தினமும் இதுக்கு ஏதோ ஒரு பதில் சொல்லிட்டுத்தான் இருக்காங்க. சில பேர் சாஃப்ட்வேர் வச்சு, சில பேர் மனக்கணக்குல. நான் இன்னைக்குப் பேசப்போறது ரெண்டாவது வகை.

இடம் ஆழ்வார்திருநகரி. தூத்துக்குடி மாவட்டம். திருநெல்வேலியில இருந்து திருச்செந்தூர் போற ரோட்டுல, தாமிரபரணியோட தென்கரையில இருக்கு. நம்மாழ்வார் ஊர், உறங்காப்புளி இருக்கிற ஊர்னா பல பேருக்குத் தெரியும். நவதிருப்பதி சுத்த வர்றவங்க கண்டிப்பா இறங்குற இடம். அங்க என் சித்தப்பா ஒரு பலசரக்குக் கடை வச்சிருக்காரு. அரிசி, பருப்பு எல்லாம் உண்டு. ஆனா கோயிலுக்கு வர்ற வெளியூர்க்காரங்க கேட்டு வாங்குறது கருப்பட்டி. சென்னையிலயும் பெங்களூர்லயும் நாம வரிசையில நின்னு கருப்பட்டி காபி குடிக்கிறோமே, அதே கருப்பட்டிதான். சித்தப்பா கடைக்கு அது உடன்குடியில இருந்து வருது. புவிசார் குறியீடு வாங்கின சரக்கு.

இப்போ எண்களுக்கு வருவோம். காதுல கேட்டு மனசுல நிறுத்தணும்ங்கறதால ரவுண்டு பண்ணித்தான் சொல்றேன். வருஷத்துக்கு 1,200 கிலோ கருப்பட்டி விக்குது. அதாவது மாசம் 100 கிலோ. கொள்முதல் விலை கிலோ 300 ரூபாய். ஒரு தடவை போய்ச் சரக்கு எடுத்துட்டு வர லோடு ஆட்டோ வாடகை, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் சேர்த்து 600 ரூபாய். 50 கிலோ எடுத்தாலும் 600 தான், 300 கிலோ எடுத்தாலும் 600 தான்.

அப்போ பேசாம ஒரே தடவையில மொத்தமா எடுத்துட்டா வாடகை மிச்சம்தானே? இல்ல. சரக்கு வாங்கப் போட்ட பணத்துக்கு வட்டி ஓடுது. வருஷத்துக்கு 12 சதவீதம்னு வச்சுக்குவோம். 300 ரூபாய் கருப்பட்டி ஒரு கிலோ, ஒரு வருஷம் கடையில உக்காந்திருந்தா 36 ரூபாய் வட்டி.

ஆக ரெண்டு செலவு இருக்கு. ஒண்ணு, கொண்டு வர்ற செலவு. அடிக்கடி போனா ஏறும். இன்னொண்ணு, வச்சிருக்கிற செலவு. நிறைய வாங்கினா ஏறும். ஒண்ணைக் குறைக்கப் போனா இன்னொண்ணு கூடும்.

இதை ஒரு கிராஃபா வரைவோம். கீழ படுக்கையா இருக்கிற அச்சுல, ஒரு தடவைக்கு வாங்குற கிலோ. அதுதான் நம்ம எக்ஸ். நிமிர்ந்து நிக்கிற அச்சுல, வருஷச் செலவு ரூபாயில.

முதல் கோடு, கொண்டு வர்ற செலவு. வருஷத்துக்கு எத்தனை தடவை போகணும்? 1,200ஐ எக்ஸால வகுத்தா வர்ற எண்ணிக்கை. அதை 600ஆல பெருக்கினா, 7,20,000 வகுத்தல் எக்ஸ். இந்தக் கோடு இடது பக்கம் உச்சியில இருந்து சறுக்குமரம் மாதிரி விழுந்து, வலது பக்கம் போகப் போகத் தரையை ஒட்டிக்கும்.

ரெண்டாவது கோடு, வச்சிருக்கிற செலவு. 200 கிலோ வாங்கினா வருஷம் பூரா 200 கிலோவும் கடையில இருக்காது. முதல் நாள் 200, கடைசி நாள் பூஜ்யம். சராசரியா 100. அதனால எக்ஸோட பாதியை 36ஆல பெருக்கணும். அதாவது 18 எக்ஸ். இது நேர்கோடு, சீரா ஏறிக்கிட்டே போகும்.

ரெண்டையும் கூட்டினா மூணாவதா ஒரு வளைகோடு வரும். மொத்தச் செலவு. இடது பக்கம் செங்குத்தா இறங்கி, நடுவுல படுத்து, வலது பக்கம் மெதுவா ஏறும். போன்ல டெஸ்மாஸ் திறந்து, ஒய் சமம் 7,20,000 வகுத்தல் எக்ஸ் கூட்டல் 18 எக்ஸ்னு போட்டுப் பாருங்க. எக்ஸ் அச்சை 600 வரைக்கும், ஒய் அச்சை 20,000 வரைக்கும் வச்சுக்கிட்டா முழுசாத் தெரியும்.

இப்போ அந்தக் கோட்டு மேல நடப்போம். ஒரு தடவைக்கு 50 கிலோன்னா வருஷச் செலவு 15,300 ரூபாய். 100 கிலோன்னா 9,000. 200 கிலோன்னா 7,200. 400 கிலோவுக்குப் போனா திரும்ப 9,000. 600 கிலோன்னா 12,000. அடிப்பகுதி 200 கிலோவுல இருக்கு. அதாவது ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை.

அது 200தான்னு எப்படி உறுதியாச் சொல்றது? வளைகோட்டு மேல ஒரு ஸ்கேலை ஒட்டி வச்சு நகர்த்துற மாதிரி நினைச்சுக்கோங்க. இடது பக்கம் ஸ்கேல் கீழ சரிஞ்சிருக்கும். வலது பக்கம் மேல ஏறியிருக்கும். நடுவுல ஒரே ஒரு இடத்துல படுக்கையா நிக்கும். சாய்வு பூஜ்யம் ஆகுற அந்த இடம்தான் அடி. பதினோராம் வகுப்பு வணிகக் கணிதத்துல வகையிடலைப் போட்டுக் கண்டுபிடிக்கச் சொல்றது இதைத்தான். இந்தக் கணக்குல இன்னொரு அடையாளமும் இருக்கு. 200 கிலோவுல கொண்டு வர்ற செலவு 3,600, வச்சிருக்கிற செலவும் 3,600. ரெண்டு கோடும் வெட்டிக்கிற இடத்துக்கு நேர் மேலதான் அடி இருக்கு. ஆனா எல்லா கிராஃப்லயும் இப்படி வராது. ஒரு செலவு எக்ஸால வகுபட்டு, இன்னொண்ணு எக்ஸோட நேரா ஏறுறதால இங்க இந்தக் குறுக்குவழி செல்லுது. மத்த இடத்துல ஸ்கேல்தான் துணை.

இந்தக் கணக்குக்கு எகனாமிக் ஆர்டர் குவான்டிட்டின்னு பேரு. சுருக்கமா இ.ஓ.க்யூ. 1913ல அமெரிக்காவுல ஃபோர்ட் விட்மன் ஹாரிஸ்ங்கற இன்ஜினியர், தொழிற்சாலை நிர்வாகம் பத்தின ஒரு மாத இதழ்ல எழுதினாரு. அவர் காலேஜ் படிக்காதவர். பள்ளிக்கூடப் படிப்பும் சொந்தமாக் கத்துக்கிட்டதும்தான். அவரோட கேள்வி, ஒரு தடவை மெஷினை செட் பண்ணினா எத்தனை உதிரிபாகம் செஞ்சு தள்ளணும்ங்கறது. லோடு ஆட்டோவுக்குப் பதிலா மெஷின் செட்டிங், அவ்வளவுதான் வித்தியாசம். பின்னாடி 1934ல வில்சன்ங்கறவர் எழுதின கட்டுரை பிரபலமாகி, பல புத்தகங்கள்ல இது வில்சன் ஃபார்முலா ஆயிடுச்சு. ஹாரிஸோட மூலக் கட்டுரை ரொம்ப வருஷம் யார் கைக்கும் கிடைக்காம இருந்து, 1980கள் கடைசியிலதான் திரும்பக் கண்டுபிடிச்சாங்க.

சரி, இந்த வளைகோட்டுல நான் முக்கியமா நினைக்கிற விஷயம் அதோட அடிப்பகுதி. அது கிண்ணம் மாதிரி இல்ல, தாம்பாளம் மாதிரி தட்டையா இருக்கு. 150 கிலோ வாங்கினா 7,500. 300 கிலோ வாங்கினா 7,800. அடியில இருக்கிற 7,200ஐ விட முந்நூறு, அறுநூறு ரூபாய்தான் கூட. அதுவும் ஒரு முழு வருஷத்துக்கு. அதனால 200ஆ 210ஆன்னு மண்டையை உடைச்சுக்க வேண்டாம். சுமாரா கிட்டக்க இருந்தாப் போதும்.

இப்போ சித்தப்பா கிட்ட வருவோம். அவர் நிஜத்துல ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குறாருன்னா, 100 கிலோ. மாசா மாசம். நம்ம கிராஃப்படி அது 9,000 ரூபாய். அடியை விட 1,800 ரூபாய் அதிகம். ஒரு கன்சல்டன்ட் இந்த கிராஃபைக் கொண்டு போய்க் காட்டினா, "ஆர்டரை டபுள் பண்ணுங்க"ன்னுதான் சொல்லுவாரு.

அவர்கிட்ட லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். கோட்டைப் பாத்தாரு. 12 சதவீதம்னு எழுதியிருந்த இடத்துல விரலை வச்சாரு. "ஏல, இந்த வட்டிக்கு எனக்கு யாருல தர்றா? நான் வாங்குறது மூணு வட்டில்லா. சரக்கு உறங்கும், வட்டி உறங்குமா?"

மூணு வட்டின்னா ஊர்ப் பேச்சுல நூத்துக்கு மாசம் மூணு ரூபாய். வருஷத்துக்கு 36 சதவீதம். அந்த எண்ணை கிராஃப்ல போட்டா என்ன ஆகுதுன்னு பாருங்க. ஒரு கிலோவை ஒரு வருஷம் வச்சிருக்கிற செலவு 36ல இருந்து 108 ரூபாய் ஆகுது. நேர்கோடு மூணு மடங்கு செங்குத்தா நிமிருது. அடி இடது பக்கமா நகர்ந்து, 115 கிலோவுல வந்து நிக்குது. அங்க வருஷச் செலவு 12,470 ரூபாய். சித்தப்பா வாங்குற 100 கிலோவுக்குச் செலவு 12,600. வித்தியாசம் வருஷத்துக்கு 130 ரூபாய்.

கிராஃப் பேப்பரைத் தொடாத மனுஷன், அடியில இருந்து 130 ரூபாய் தூரத்துல நிக்கிறாரு. அந்த கன்சல்டன்ட் பேச்சைக் கேட்டு 200 கிலோ வாங்கியிருந்தா? 14,400. அதாவது 1,800 ரூபாய் கூடுதல் நஷ்டம். ஃபார்முலா சரி. அதுல போட்ட வட்டி அவரோடது இல்ல.

இங்கதான் நான் இந்த எபிசோடைப் பண்ணணும்னு நினைச்சதுக்குக் காரணம் இருக்கு. ரெண்டு கடைக்காரர்களை நினைச்சுக்கோங்க. ரெண்டு பேருக்கும் ஒரே சரக்கு, ஒரே விற்பனை, ஒரே லோடு ஆட்டோ. ஒருத்தருக்கு 12 சதவீதத்துல கடன் கிடைக்குது. ஆனா ஆளுக்குக் கணக்கே வராது. 200 வாங்க வேண்டிய இடத்துல 600 கிலோ வாங்கிக் குவிக்கிறாரு. அவரோட செலவு 12,000 ரூபாய். இன்னொருத்தருக்கு மூணு வட்டி. ஆனா கணக்குல புலி. துல்லியமா 115 கிலோ வாங்குறாரு. அவரோட செலவு 12,470.

முதல் ஆள் மூணு மடங்கு தப்பா வாங்கியும், ரெண்டாவது ஆளை விடச் செலவு கம்மி. மூணு வட்டிக்காரர் எவ்வளவு சரியா நடந்தாலும், பேங்க் கடன்காரரோட பெரிய தப்பைக்கூட அவரால தொட முடியாது. ஏன்னா ரெண்டு பேரும் நிக்கிறது ஒரே கோட்டுல இல்ல. சிறு வியாபாரிகளைப் பாத்து "பிளான் பண்ணத் தெரியல, சில்லறை சில்லறையா வாங்கியே நஷ்டப்படுறாங்க"ன்னு சுலபமாச் சொல்றோம். அவங்க நிக்கிற கோட்டுல அதுதான் சரியான பிளான்.

மூணு வட்டியோட இது நிக்கறதில்ல. தண்டல்னு ஒண்ணு இருக்கு. 10,000 ரூபாய் கடன்னு பேரு. கையில தர்றது 9,000. தினமும் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்டணும். 'ஆயிரம் ரூபாதானே வட்டி, பத்து பர்சன்ட்'னு தோணும். ஆனா பணம் தினமும் திரும்பிப் போயிட்டே இருக்கு. நூறு நாள்ல சராசரியா உங்க கையில இருந்தது சுமார் 4,500 தான். 4,500க்கு நூறு நாள்ல 1,000 ரூபாய்னா 22 சதவீதம். வருஷத்துக்கு மாத்தினா சுமார் 81 சதவீதம். இதை கிராஃப்ல போட்டா அடி 77 கிலோவுக்கு வந்துடும். செலவு 18,700 ரூபாய். சிறந்த முடிவுக்கே இவ்வளவு.

தாமிரபரணிக் கரையில இது வெறும் கணக்குப் பாடம் இல்லைங்கறது உங்களுக்கும் தெரியும். 2017 அக்டோபர் 23ஆம் தேதி, திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல, கந்துவட்டிக் கொடுமைன்னு ஏற்கெனவே மனு கொடுத்திருந்த ஒரு குடும்பத்துல ரெண்டு சின்னக் குழந்தைங்க உட்பட நாலு உயிர் போச்சு. அதை இங்க விவரிக்கப் போறதில்ல. அதுக்கு 14 வருஷம் முன்னாடியே, 2003ல, அதீத வட்டி வசூலைத் தடை பண்ண தமிழ்நாட்டுல தனிச் சட்டம் வந்தாச்சு. தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல்னு அந்தச் சட்டத்துலயே ஒவ்வொண்ணுக்கும் விளக்கம் இருக்கு. தடை பண்றதுக்கே இத்தனை பேரைப் பட்டியல் போட வேண்டியிருந்திருக்கு.

"அப்போ ஏன் பேங்குக்குப் போகல?"ன்னு கேப்பீங்க. சித்தப்பா கிட்ட நானும் கேட்டேன். வட்டிக்காரர் கடைக்கே வந்து பத்து நிமிஷத்துல பணம் தர்றாரு. பேங்குன்னா பேப்பர், ஜாமீன், ரெண்டு மூணு நாள் கடையைப் பூட்டிட்டு அலையணும். இதுவும் நியாயமான கணக்குதான். கடன் வாங்குறதுக்கும் ஒரு 'கொண்டு வர்ற செலவு' இருக்கு. அதனால அதையும் கிராஃப்லயே எடை போடலாம்.

மூணு வட்டியில 100 கிலோ வாங்குற சித்தப்பாவுக்கு வருஷச் செலவு 12,600. கடனை மட்டும் 12 சதவீதத்துக்கு மாத்திட்டு, அதே 100 கிலோ வாங்கினா 9,000. அதுக்கப்புறம் நிதானமா ஆர்டரை 200 கிலோவுக்குக் கொண்டு வந்தா 7,200. மொத்த மிச்சம் 5,400 ரூபாய். கவனிங்க, இது கருப்பட்டி ஒரு சரக்குக்கு மட்டும். அரிசி, பருப்பு, எண்ணெய்னு மத்ததையும் சேர்த்தா இன்னும் கூடும். மூணு நாள் கடையைப் பூட்டினா போற லாபம் எவ்வளவுன்னு அவருக்குத் தெரியும். இப்போ ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்க அவர்கிட்ட ஒரு எண் இருக்கு.

எவ்வளவு கடன் வேணும்? 200 கிலோவுக்கு அதிகபட்சம் 60,000 ரூபாய், சராசரியா 30,000. 2015ல வந்த முத்ரா திட்டத்துல சிசு பிரிவுல 50,000 ரூபாய் வரைக்கும் அடமானம் இல்லாம பேங்க் கடன் உண்டு. ஒரு கருப்பட்டி ஸ்டாக்குக்கு ஏறக்குறைய அளவெடுத்துத் தைச்ச மாதிரி. சித்தப்பா இப்போதைக்குச் செஞ்சது வேற. சித்தியோட நகையைக் கூட்டுறவு வங்கியில வச்சு, மூணு வட்டிக் கடன்ல பாதியை அடைச்சாரு. நகை சித்தியோடதுங்கறதால முடிவும் சித்திதான் எடுத்தாங்க. "மிச்சப்பாதியும் முடிஞ்ச பொறவுதான் புதுச் சரக்கு, சொல்லிட்டேன்"னு அவங்க போட்ட கண்டிஷன் கிராஃப்ல இல்ல. ஆனா நல்ல கண்டிஷன்.

இந்த கிராஃப்ல இல்லாத வேற சிலதையும் சொல்லணும். இது வருஷம் பூரா ஒரே சீரா விக்கும்னு வச்சுக்குது. ஆழ்வார்திருநகரியில அப்படி இல்ல. வைகாசியில ஒன்பது கருட சேவை, புரட்டாசி சனிக்கிழமைன்னு கூட்டம் வரும். அப்போ தனிக் கணக்குதான் போடணும். விலையும் ஒரே மாதிரின்னு வச்சுக்குது. ஆனா பதநீர் சீசன்ல கருப்பட்டி விலை இறங்கும், சீசன் முடிஞ்சா ஏறும். விலை ஏறப்போறது தெரிஞ்சா, வட்டியைத் தாண்டியும் கூடுதலா வாங்கிப் போடுறது லாபமா இருக்கலாம். மழைக்காலத்துல கருப்பட்டி ஈரம் இழுத்துக் கசியும். அந்தச் சேதாரத்தையும் வச்சிருக்கிற செலவுல சேர்க்கணும்.

அப்புறம் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோட ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல மாட்டிக்கிச்சு. ஆத்தங்கரை ஊர்கள்ல கடைகளுக்குள்ள தண்ணி புகுந்துச்சு. கருப்பட்டிக்குள்ள தண்ணி போனா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. இதையும் கிராஃப்ல சேர்க்க முடியும். உதாரணத்துக்கு, 30 வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்டாக் மொத்தமும் போகும்னு வச்சுக்கிட்டா, 300 ரூபாய் கருப்பட்டிக்கு வருஷத்துக்கு 10 ரூபாய் ரிஸ்க். 36 ரூபாய் 46 ஆகும். அடி 200ல இருந்து 177 கிலோவுக்கு இறங்கும். கடையோட தரைமட்டத்தை உயர்த்தினா இந்த 10 ரூபாய் குறையும். அதுவும் கோட்டை மாத்துற வேலைதான்.

என் வேலையிலயும் இதையே பாக்குறேன். மெஷின் லேர்னிங் மாடல் ஒண்ணை ட்ரெயின் பண்றதுன்னா, ஒரு காஸ்ட் ஃபங்ஷனோட அடியைத் தேடி இறங்குறதுதான். எவ்வளவு வேகமா இறங்குறோம், எவ்வளவு துல்லியமாத் தொடுறோம்னு மாசக்கணக்கா ட்யூன் பண்ணுவோம். அந்த ஃபங்ஷன்ல யாரோட செலவைச் சேர்த்திருக்கோம், யாரோடதை விட்டிருக்கோம்னு கேக்குற மீட்டிங் அபூர்வம்.

அதனால நீங்க ஏதாவது தொழில் பண்றீங்கன்னா, இல்ல வீட்டுல அப்பா அம்மா கடை வச்சிருக்காங்கன்னா, மூணு விஷயம் செய்ங்க. ஒண்ணு, அதிகமா ஓடுற ஒரே ஒரு சரக்கை எடுத்து, அதுக்கு கொண்டு வர்ற செலவையும் வச்சிருக்கிற செலவையும் எழுதுங்க. ரெண்டு, வட்டின்னு வர்ற இடத்துல பேங்க் விளம்பரத்துல இருக்கிற வட்டியைப் போடாதீங்க. நிஜமாக் கட்டுறது எவ்வளவோ, தண்டல்னா தண்டல், அதை வருஷ வட்டியா மாத்திப் போடுங்க. மூணு, கிராஃபை ரெண்டு தடவை வரைங்க. இப்போ இருக்கிற வட்டிக்கு ஒண்ணு, கிடைக்கக்கூடிய குறைஞ்ச வட்டிக்கு ஒண்ணு. ரெண்டு அடிக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு பாருங்க. சித்தப்பாவுக்கு ஆர்டர் அளவைத் திருத்தினா 130 ரூபாய். கடனை மாத்தி ஆர்டரையும் திருத்தினா 5,400.

உங்க கணக்குல அந்த ரெண்டு எண்ணும் என்னன்னு போட்டுப் பாத்துட்டு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.